வயலுக்கு இட்ட உரம் ஏரிக்குப் போனால்

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஒன்று ஈரி ஏரி. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் கனடாவுக்கும் நடுவே எல்லையாகக் கிடக்கிறது. அதன் மேற்குக் கரையில் டொலீடோ என்ற நகரம் இருக்கிறது. 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ம் தேதி விடியற்காலையில் அந்த நகர மக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடப்பட்டது. குழாய் நீரைக் குடிக்கக் கூடாது, காய்ச்சியும் குடிக்கக் கூடாது என்பதே அது. காய்ச்சினால் நீர்தான் சுண்டும்; அதில் கலந்துள்ள நஞ்சு சுண்டாது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மூன்று நாட்கள் புட்டித் தண்ணீருக்காகக் கடை கடையாக அலைந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நன்னீர் நிறைந்த ஏரி எதிரே கிடந்தது. குடிக்கத்தான் ஒரு குவளை நீர் இல்லை.

நீரைக் கெடுத்தது ஒரு பாசி. அந்தப் பாசிக்குத் தீனி போட்டது பெரும்பாலும் வயல்களிலிருந்து வடிந்து வந்த மணிச்சத்து. தொழிற்சாலையின் நஞ்சும் இல்லை, எதிரி கலந்த விஷமும் இல்லை. மக்காச்சோளத்துக்கும் சோயா மொச்சைக்கும் கோதுமைக்கும் இட்ட உரமே ஏரியில் போய் விளைந்துவிட்டது. ஆகவே ஈரி ஏரியின் கதை மீனவர்களுக்கும் நகரவாசிகளுக்கும் மட்டும் உரியதன்று. உர மூட்டையைப் பிரிக்கும் ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருக்க வேண்டியது.

ஏரியின் அமைப்பு

பனியுகத்தின் பெரும் பனிப்பாறைகள் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் உருவான ஏரி இது. நீளம் 388 கிலோமீட்டர். அகலமான இடத்தில் 92 கிலோமீட்டர். பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர். ஐந்து ஏரிகளில் பரப்பில் நான்காவதாக இருந்தாலும் கொள்ளளவில் இதுவே கடைசி. ஆழம் இல்லாததுதான் காரணம். மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 24 அடி. நடுப்பகுதி 60 அடி. கிழக்குப் பகுதி 80 அடி. மிக ஆழமான இடமே 210 அடிதான். வடக்கே உள்ள சுப்பீரியர் ஏரியின் ஆழமோ 1,300 அடிக்கு மேல்.

ஆழம் குறைந்த ஏரி கோடையில் சீக்கிரம் சூடேறுகிறது. குளிர்காலத்தில் சீக்கிரம் உறைகிறது. பலத்த காற்று அடித்தால், தட்டில் ஊற்றிய நீரைச் சாய்த்தாற்போல், ஒரு முனையில் நீர் பல அடி இறங்கி மறுமுனையில் பல அடி ஏறும்.

ஏரிக்கு வரும் நீரில் நூற்றுக்கு 80 பங்கு டெட்ராய்ட் ஆற்றின் வழியே வருகிறது. வெளியேறும் நீர் நயாகரா ஆற்றில் இறங்கி, உலகப் புகழ்பெற்ற அருவியாய் விழுந்து ஒண்டாரியோ ஏரிக்குப் போகிறது. சுப்பீரியர் ஏரியின் நீர் முழுவதும் மாற ஏறக்குறைய 190 ஆண்டுகள் ஆகும். ஈரி ஏரிக்கு மூன்று ஆண்டுகள்கூட வேண்டாம். சீக்கிரம் கெடும், சீக்கிரம் தேறும் என்பதே இந்த ஏரியின் சுபாவம். அதன் வரலாறு முழுவதிலும் இதைக் காணலாம்.

மீன் வளம்

சுப்பீரியர் ஏரியில் ஐம்பெரும் ஏரிகளின் நீரில் பாதி இருக்கிறது, மீனோ நூற்றுக்கு இரண்டு பங்கு. ஈரி ஏரியில் நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு, மீனோ பாதி. இது அந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இளஞ்சூடும், வெளிச்சம் அடிமட்டம் வரை எட்டும் ஆழமும், நிலத்திலிருந்து வரும் சத்தும் சேர்ந்து இந்த ஏரியை மீன் விளையும் வயலாக்கியிருக்கின்றன.

இங்குள்ள மீன்களில் பெயர் பெற்றது 'வால்-ஐ'. மங்கிய வெளிச்சத்திலும் இரை தேடும் பளபளக்கும் கண் இதற்கு உண்டு. அடுத்தது மஞ்சள் பெர்ச். வெள்ளை மீனும் உண்டு. முன்னாளில் ஆள் உயரத்துக்கு வளரும் ஸ்டர்ஜன் மீனும் ஏராளமாக இருந்தது. வால்-ஐ மீனின் நெருங்கிய உறவான நீலப் பைக், ஆண்டுக்கு லட்சக்கணக்கான கிலோ வலையில் விழுந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் ஏரி நீர் கெட்டதாலும் 1950-களின் கடைசியில் அது திடீரென்று குறைந்தது. 1983-ல் அந்த மீன் அற்றுப்போய்விட்டதாக அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. சுபாவத்தில் சீக்கிரம் தேறும் ஏரிதான். ஆனால் போன மீன் போனதுதான்.

மீனுக்கு இரையாகும் பூச்சி ஒன்றின் கதையும் இங்கே சொல்லத் தக்கது. 'மே ஈ' எனப்படும் பூச்சியின் புழுக்கள் ஏரியின் அடிச்சேற்றில் வாழ்கின்றன. பருவம் வந்ததும் அவை இறக்கை முளைத்து, மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசல் போலக் கூட்டம் கூட்டமாக வெளியே வரும். 1953-ல் மேற்குப் பகுதியின் அடிநீரில் பிராணவாயு இல்லாமற்போய்ப் புழுக்கள் மடிந்தன. நாற்பது ஆண்டுகள் போல அந்த ஈசல் கிளம்பவில்லை. 1990-களில்தான் திரும்பி வந்தது. விளக்கடியில் குவிந்து சாலையில் வண்டிச் சக்கரம் வழுக்கினாலும், அதைக் கண்ட மீனவர்கள் ஏரி பிழைத்தது என்று மகிழ்ந்தார்கள்.

சதுப்பு நிலம் சாகுபடி நிலமானது

இந்த ஏரிக்குப் பெயர் தந்தவர்கள் அதன் தென்கரையில் வாழ்ந்த ஈரி என்ற பழங்குடி மக்கள். 1650-களில் நடந்த போர்களில் அவர்கள் சிதறிப்போனார்கள். 1813-ம் ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி இந்த ஏரியில் நடந்த கப்பற்போரில் அமெரிக்கர்கள் பிரிட்டிஷாரை வென்றார்கள். 1825-ல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டதும், ஏரிக்கரைத் தானியம் படகிலேயே கிழக்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. குடியேறிகள் பெருகினார்கள்.

மௌமீ என்ற ஆறு டொலீடோ நகரில் ஏரியைச் சேர்கிறது. அதன் தென்பக்கத்தில் ஒரு காலத்தில் பெரும் சதுப்புநிலம் இருந்தது. கருஞ்சதுப்பு என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர் பரப்பு. 1812-ல் தொடங்கிய போரில் படைகள் இந்தச் சேற்றில் சிக்கித் திணறின. மலேரியாக் காய்ச்சலுக்கும் பேர்போன இடம் அது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரங்களை வெட்டி, ஊர் ஊராக வடிகால் தோண்டி, வயலுக்கு அடியில் சுட்ட மண் குழாய்களைப் பதித்து அந்தச் சதுப்பை வடித்தார்கள். அடியிலிருந்து வெளிப்பட்டது கரிய, வளமான களிமண். இன்று அமெரிக்காவின் நல்ல விளைநிலங்களில் அதுவும் ஒன்று.

அந்த உழைப்பைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் சதுப்பு செய்துவந்த வேலை ஒன்று உண்டு. மழைநீரைத் தேக்கி, வண்டலையும் சத்தையும் கீழே இறக்கி, தெளிந்த நீரை ஏரிக்கு விட்டுவந்தது அது. வடிகட்டியை எடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் வயல் வந்தது. வயலுக்கு அடியில் குழாய் வந்தது. இப்போது வயலில் பெய்யும் மழை குழாய் வழியே ஓடைக்கும், ஓடை வழியே ஆற்றுக்கும் விரைந்து ஓடிவிடுகிறது.

முதல் முறை தேறிய கதை

1960-களில் ஈரி ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. நகரச் சாக்கடைகளும், ஆலைக் கழிவுகளும், சோப்புத் தூளில் இருந்த பாஸ்பேட்டும் ஏரியில் கலந்தன. ஏரியில் விழும் கயஹோகா என்ற ஆறு, மேலே மிதந்த எண்ணெயினால் 1969-ம் ஆண்டு ஜூன் மாதம் கிளீவ்லண்ட் நகரில் தீப்பிடித்தது. 1970-ல் மீனில் பாதரசம் இருப்பது தெரிந்து, மேற்குப் பகுதியில் வால்-ஐ பிடிப்பது நிறுத்தப்பட்டது.

இரு நாடுகளும் விழித்துக்கொண்டன. 1972-ல் ஐம்பெரும் ஏரிகளின் நீர்த் தரம் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்குப் பெரும் பணம் செலவிடப்பட்டது. சோப்புத் தூளில் பாஸ்பேட் குறைக்கப்பட்டது. 1960-களின் கடைசியில் ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் ஏரிக்கு வந்த மணிச்சத்து, 1980-களில் ஒப்பந்தம் விதித்த 11,000 டன் இலக்கை ஒட்டி இறங்கியது. 1976 முதல் வால்-ஐ மீனுக்கு ஆண்டுதோறும் பிடிப்பு அளவு வகுக்கப்பட்டது. நீர் தெளிந்தது, மீன் பெருகியது. முயன்றால் ஒரு பெரும் ஏரியையே மீட்கலாம் என்பதற்கு உலகமே ஈரி ஏரியை எடுத்துக்காட்டியது.

அன்று வேலை சுலபமாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அழுக்கு குழாய் முனையில் வந்தது. குழாய் யாருடையது என்று தெரியும். அதை அடைக்கச் சொல்லலாம். அடைக்காதவருக்கு அபராதம் போடலாம். வயலிலிருந்து மழையோடு வடியும் நீர் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் வரவில்லை.

பாசி திரும்பியது

1990-களின் நடுவிலிருந்து மேற்குப் பகுதியில் மீண்டும் பாசி தலைகாட்டியது. தமிழ்நாட்டு நெல் விவசாயிகளுக்கு நீலப்பச்சைப் பாசி புதிதன்று. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நெல்லுக்குக் கொடுக்கும் பாசி அது. ஈரி ஏரியில் பெருகுவதும் அதே குலந்தான். ஆனால் இந்த வகை தழைச்சத்தைப் பிடிப்பதில்லை. கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகிறது. வெப்பமும், அசையாத நீரும், கரைந்த மணிச்சத்தும் கிடைத்துவிட்டால் ஏரியின் மேல் பச்சைச் சாயம் கொட்டியது போலப் படர்ந்துவிடும். 2011-ல் அதுவரை காணாத அளவுக்குப் படர்ந்தது. 2015-ல் அதையும் மிஞ்சியது.

கப்பல்களின் அடித்தொட்டி நீரில் வெளிநாட்டிலிருந்து வந்து 1980-களின் கடைசியில் பரவிய வரிக்குதிரை மட்டியும் பாசிக்குத் துணை போனது. அது நீரை வடிகட்டி நல்ல பாசியைத் தின்கிறது. நச்சுப் பாசியை வெளியே துப்பிவிடுகிறது.

ஏரியின் மேற்குப் பகுதிக்கு வரும் நீரில் மௌமீ ஆற்றின் பங்கு நூற்றுக்கு ஐந்து போலத்தான். மணிச்சத்திலோ ஏறக்குறைய பாதி அதனுடையது. அந்த ஆற்றின் மணிச்சத்தில் பெரும்பங்கு விவசாய நிலத்திலிருந்து வருகிறது. வால்-ஐ மீன் இளவேனிலில் முட்டையிட ஏறிவருவதும் இதே ஆற்றில்தான்.

நல்லது செய்யப்போய் வந்த வினை

விவசாயிகள் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. மண் அரிப்பைத் தடுக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னதைக் கேட்டு 1980-கள் முதல் பலர் உழவைக் குறைத்தார்கள். சிலர் உழாமலே விதைத்தார்கள். மண் அரிப்பு குறைந்தது. மண்ணோடு ஒட்டிப் போகும் மணிச்சத்தும் குறைந்தது.

ஆனால் உழாத நிலத்தில் உரத்தை மேலாகத் தூவினால் அது மேல் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பெருமழையில் கரைந்து, மண் வெடிப்பின் வழியும் மண்புழு வளையின் வழியும் இறங்கி, அடிக்குழாயைச் சேர்ந்துவிடுகிறது. மண்ணோடு ஒட்டிய மணிச்சத்தில் பாசிக்கு எட்டுவது கொஞ்சம். கரைந்த மணிச்சத்தோ முழுவதும் பாசிக்கு எட்டும். ஒரு கதவை அடைத்தபோது இன்னொரு கதவு திறந்துகொண்டது. 1970-களின் நடுவிலிருந்து அந்தப் பகுதி ஆறுகளின் நீரை எடுத்துச் சோதித்துவரும் ஒரு கல்லூரியின் கணக்குகளிலிருந்துதான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

2019-ல் இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. இடைவிடாத மழையால் அந்த ஆண்டு மௌமீ வட்டாரத்தில் பல வயல்களில் விதைக்கவே முடியவில்லை. விதைக்காத வயலுக்கு உரமும் இடவில்லை. ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடியும், கரைந்த மணிச்சத்து எதிர்பார்த்ததைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. இந்த ஆண்டு இடும் உரம் இந்த ஆண்டே ஏரிக்குப் போகிறது என்பது ஒன்று. உரமிடாத ஆண்டிலும் மிச்சம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது பழைய ஆண்டுகளில் மண்ணில் சேர்ந்த இருப்பு என்பது இரண்டாவது.

யார் பொறுப்பு?

நகரத்தார் விவசாயிகளைக் குற்றம் சொல்கிறார்கள். விவசாயிகள் நகரச் சாக்கடையைக் காட்டுகிறார்கள். 2019 பிப்ரவரியில் டொலீடோ மக்கள் வாக்களித்து ஏரிக்கே சட்ட உரிமை வழங்கினார்கள். விவசாயக் குடும்பம் ஒன்று வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. வழக்கினால் ஏரி தெளியவில்லை.

விவசாயி சொல்லும் வாதத்தை முதலில் பார்க்க வேண்டும். தன் வயலிலிருந்து போவது மிகக் கொஞ்சம் என்கிறார் அவர். அது உண்மை. ஏக்கருக்கு ஆண்டில் அரைக் கிலோ மணிச்சத்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்தில் அது இருபதில் ஒரு பங்கு. மகசூலில் தெரியாது, பணப்பையிலும் தெரியாது. ஆனால் மௌமீ வடிநிலத்தில் சாகுபடியாகும் நிலத்தை 30 லட்சம் ஏக்கர் என்று கொண்டால், அரைக் கிலோ 1,500 டன்னாகிவிடுகிறது. ஓர் ஏரியை நஞ்சாக்க அது போதும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. உரம் வீணாவதால் விவசாயிக்கு ஏற்படும் நஷ்டம் அற்பம். மற்றவருக்கு ஏற்படும் நஷ்டம் பெரிது. கையைக் கடிக்காத நஷ்டத்தை எவரும் தாமாகத் தேடிப்போய்த் திருத்துவதில்லை. உரத்தைச் சிக்கனமாக இட்டால் லாபம் என்று பிரசாரம் செய்வதால் மட்டும் காரியம் ஆகாது என்பது இதனால் விளங்கும். மேற்குப் பகுதிக்கு வரும் மணிச்சத்தை 2008-ம் ஆண்டின் அளவிலிருந்து நூற்றுக்கு 40 பங்கு குறைக்க வேண்டும், அதை 2025-க்குள் செய்ய வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. பெரும்பாலும் விவசாயிகளின் விருப்பத்துக்கு விட்டே வேலை நடந்தது. இலக்கு எட்டப்படவில்லை.

அதற்காக விவசாயியின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவது நியாயமாகாது. சதுப்பை வடித்தது அரசாங்கமும் சமூகமும் சேர்ந்து எடுத்த முடிவு. மலிவான தானியத்தைத் தின்றவர்கள் எல்லோரும். 1970-களில் நகரச் சாக்கடையைச் சுத்திகரிக்கப் பொதுப் பணம் கொட்டப்பட்டதே, அந்தப் பரிவு வயலுக்கும் வேண்டும். உரத்தை மண்ணுக்குள் செலுத்தும் கருவிக்கும், வடிகாலின் கடைசியில் சிறு சதுப்புகளை மீண்டும் உண்டாக்குவதற்கும் விட்டுக்கொடுக்கும் நிலத்துக்கும் பொதுப் பணத்திலிருந்து ஈடு தர வேண்டும். 2019-ல் ஒஹையோ மாநிலம் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது சரியான வழி. ஆண்டுக்கு ஆண்டு பணம் குறையாமல் அது நடக்க வேண்டும்.

உதவி வாங்குபவர் விதிக்கும் கட்டுப்பட வேண்டும். உறைந்த நிலத்திலும், நீர் ஊறிய நிலத்திலும், பெருமழை வரும் என்று தெரிந்த நாளிலும் உரம் இடுவதை 2015-ல் ஒஹையோ மாநிலம் மேற்குப் பகுதி வடிநிலத்தில் தடை செய்தது. அது நல்ல சட்டம். மண் பரிசோதனையில் மணிச்சத்து மிகுதியாக இருக்கும் வயலுக்கு மேலும் மணிச்சத்து இடக் கூடாது என்பதும் விதியாக வேண்டும். மூட்டை உரத்துக்கு உள்ள கணக்கு, ஆயிரக்கணக்கில் மாடும் பன்றியும் கோழியும் வளர்க்கும் பெரும் பண்ணைகளின் சாணத்துக்கும் இருக்க வேண்டும். சாணம் கனமான பொருள். தொலைவுக்குக் கொண்டுபோனால் கூலி கட்டாது. ஆகவே பண்ணையைச் சுற்றியுள்ள வயல்களிலேயே அது திரும்பத் திரும்பக் கொட்டப்படுகிறது. சிறு விவசாயியிடம் கணக்குக் கேட்டுவிட்டுப் பெரும் பண்ணையைப் பார்க்காமல் விட்டால் அந்தச் சட்டத்தை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

மணிச்சத்தை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மக்காச்சோளமும் இல்லை. ஏரியில் மீனும் இல்லை. பாசி படர்ந்த ஆண்டுகளிலும் வால்-ஐ பெருகியிருக்கிறது. 2015-க்குப் பின் பல ஆண்டுகள் அதன் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன. பயிருக்கும் மீனுக்கும் அளவு வேண்டும் என்பதே பேச்சு.

ஈரி ஏரி ஒரு முறை தேறிக் காட்டியது. மூன்று ஆண்டுகளில் நீரை மாற்றிக்கொள்ளும் ஏரி அது. வரும் நஞ்சு நின்றால் மறுபடியும் தேறும். மண்ணில் சேர்ந்த பழைய இருப்பு குறையத்தான் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே நாள் கடத்தக் கூடாது.

எந்த நாட்டு விவசாயிக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மண் பரிசோதனை செய்யாமல் பழக்கத்துக்காகப் போடும் மணிச்சத்து பயிருக்கும் போவதில்லை, போட்டவருக்கும் திரும்புவதில்லை. மழையைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, வேருக்கு அருகில் மண்ணுக்குள் இட்ட உரம் பயிருக்கு. மற்றதெல்லாம் யாரோ ஒருவருடைய குடிநீரில் போய்ச் சேர்கிறது.